ஜட்ஜய்யாவின் ஓரக்கண்

படத்துக்குப் படம் நீதிபதியாக வந்து சுத்தியலைத் தட்டிவிட்டுப் போனதால், தெருவில் பால்காரரிலிருந்து பல் டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் ஜட்ஜய்யாதான். "எத்தனை பேரைத் தூக்குல போட்டிருக்கேன், ஒருத்தனாவது அப்பீலுக்கு வந்தானா?" என்று அவரே கேட்டுச் சிரிப்பார்.

எழுபதைத் தாண்டிய பிறகு அந்த மனுஷருக்கு ஒரு பிடிவாதம் பிறந்தது. இளவயதில் விட்டு வந்த நாடக மேடையில் மறுபடி ஏற வேண்டும். அதுவும் சும்மா தலைகாட்டும் வேடமில்லை, நாடகம் முழுக்க மேடையிலேயே நிற்கிற அப்பா வேடம்.

பெயிண்ட் கடைக்கு மேலே இருந்த ஒத்திகைக் கூடத்தில் முதல் நாளே மானம் போயிற்று. வசனம் அத்தனையும் மனப்பாடம். ஆனால் ஒவ்வொரு வரிக்கு முன்னும் அவர் கண் ஓரமாகப் போய் நின்றது. வாய் காத்திருந்தது. சினிமாவில் கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் நின்று வசனத்தை உரக்கப் படிப்பார், இவர் அதை வாங்கிச் சொல்வார், குரலைப் பிறகு பதிவு செய்துகொள்வார்கள். காதில் விழுந்ததை வாயால் விடுவதே முப்பது வருஷப் பிழைப்பு. தொட்டில் பழக்கம் மட்டுமா, சம்பளம் வாங்கிய பழக்கமும் லேசில் போகுமா?

டைரக்டரம்மா அவர் மகள் வயதுக்காரி. ஒளிவுமறைவு தெரியாதவள்.

"சார், உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா பரிதாபப்பட்டு வேஷம் தர முடியாது. முதல் நாள் ஷோவுல நானே வசனத் தாளோட மேடை ஓரத்துல நிப்பேன். ஒரு தடவை என் பக்கம் பாத்தீங்கன்னா, அடுத்த ஷோவிலேர்ந்து வேற ஆள்."

"போடுங்கம்மா. ஆனா அந்த ஆளை வீணா பாடம் பண்ண வைக்காதீங்க, பாவம்" என்றார்.

வீறாப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, படி இறங்கும்போதே முதல் வரியை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டு ஒத்திகையில் மனைவிதான் எதிர்ப்பாட்டு. துணி மடித்துக்கொண்டே மகன் வசனத்தைப் படிப்பாள். இவர் தடுமாறினால் மனசு கேட்காமல் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

"நீ இப்படிக் குடுத்துக் குடுத்தே என்னைக் கெடுக்கிறடி!"

"பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க நான் என்ன கல்லா?"

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. தன் வரியைப் படித்து முடித்ததும் அவள் ஒரு வாய் தண்ணீரை எடுத்து அடக்கிக்கொள்ள வேண்டும். அவர் சொல்லி முடித்த பிறகே விழுங்கலாம். அவர் திணறும்போது கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி அவள் தவிப்பதைப் பார்க்க வேண்டுமே! ஒருநாள் சிரிப்பு தாங்காமல் இஸ்திரி போட்ட சட்டைகள் மேலேயே துப்பிவிட்டாள். அவர் கோபிக்கவில்லை. சட்டைகளுக்குத் தாமே திரும்ப இஸ்திரி போட்டார், முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

"சினிமாவுல தப்பு பண்ணா இன்னொரு டேக்கு. இங்க தப்பு பண்ணா அதையும் சேத்துத்தான் டிக்கெட்டு" என்பார். அந்தப் பயம் அவருக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருஷம் அது இல்லாமல்தான் துருப்பிடித்துப் போனோம் என்று தோன்றியது.

முதல் நாள் ஷோ. அரங்கம் நிறைந்திருந்தது. ஊரை விட்டு ஓடிய மகன் திரும்பி வந்து கதவைத் தட்டும் கட்டம் வரைக்கும் வண்டி நன்றாகவே ஓடியது. அங்கே அவர் நின்றார்.

ஒரு சொல் வரவில்லை. துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

ஓரத்திலிருந்து டைரக்டரம்மா கிசுகிசுப்பது கேட்டது. சொல் பிடிபடவில்லை. தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், கையில் கிடைத்துவிடும். கழுத்து நரம்பே அந்தப் பக்கம் இழுத்தது. மாட்டேன் என்று கதவையே பார்த்தார். வந்தால் உள்ளிருந்து வரட்டும், இல்லாவிட்டால் இப்படியே நிற்கிறேன் என்று நின்றார். அரங்கத்தில் இருமல்கூட இல்லை. மகனாக நடித்தவன் பதறிப்போய் இன்னொரு தடவை தட்டினான்.

"கதவு திறந்துதான் இருக்கு. நீதான் தட்டிக்கிட்டே நிக்கிற" என்றது அவர் குரல்.

முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள்.

திரை விழுந்ததும் டைரக்டரம்மா ஓடி வந்தாள். "அந்த இடத்துல அவ்வளவு நேரம் நிறுத்துவீங்கன்னு சொல்லவே இல்லையே சார்! நாளைக்கும் அப்படியே பண்ணுங்க."

"பண்ணிடலாம்மா" என்றார், முகம் மாறாமல்.

மனைவி ஒப்பனை அறைக்குள் வந்தாள். கையில் பாதி காலியான தண்ணீர் பாட்டில். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். "மறந்துட்டீங்கதானே?"

"சுத்தமா மறந்துட்டேன். கண்ணு ஓரமாப் போச்சா?"

"போகல."

அவருக்குக் கண் கலங்கியது. பாட்டிலைப் பார்த்தார். "நீ எப்ப முழுங்கின?"

"நீங்க சொன்ன அப்புறம்தான்."