பொன்னி நிலத்தில் முளைத்த வேலங்கன்றுகள்

தணிகாசலம் இறந்துவிட்டான். காலையில் போளூரிலிருந்து அவன் மகள் போன் செய்தாள். தூக்கத்திலேயே போயிருக்கிறான்...

இங்கே பலருக்கு அவனைத் தெரியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலையில் ஒரு பயிர் ஆராய்ச்சித் திட்டம் நடந்தது. அதில் அவனும் நானும் ஃபீல்ட் டெக்னீஷியன்கள். ரெண்டு பேருமே டெம்பரரி.

ஆபீசர் மாதம் ஒருமுறை ஜீப்பில் வருவார். விதைப்பது, உயரம் அளப்பது, அறுப்பது, எடை போடுவது, நோட்டில் எழுதுவது எல்லாம் நாங்கள்தான்.

எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்பவன் தணிகாசலம். சாமைப் பூ எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று ஒருநாள் லென்ஸை வைத்துக்கொண்டு நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அதை யாரும் பார்க்கச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த சோத்துத் தூக்கைக் குரங்கு எடுத்துக்கொண்டு போனதுகூட அவனுக்குத் தெரியாது.

பனி விழுந்த நாளில் பூ லேட்டாகத் திறக்கிறதாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தான்.

அந்த வருஷம் பொன்னி என்ற அம்மாவின் நிலத்தில் ட்ரையல் போட்டிருந்தோம். ஆராய்ச்சி நிலையத்தின் புதுச் சாமை ஒரு பக்கம். அதோடு ஒப்பிட்டுப் பார்க்க, பொன்னி வீட்டில் வழிவழியாக வைத்திருந்த விதை. எந்தப் பாத்தியில் எது என்று அவர் எதிரிலேயே சீட்டுக் குலுக்கிப் போட்டோம். வீட்டு விதைக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்த முளைக்குச்சி.

அறுத்து எடை போட்டால்... சிவப்புக் குச்சிப் பாத்திகள் எல்லாமே ஜெயித்திருந்தன. கொஞ்சநஞ்சமில்லை. தராசைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் நிறுத்தேன்.

ஆபீசருக்கே ஆச்சரியம். ரிப்போர்ட் எழுத உட்கார்ந்துவிட்டார்.

தணிகாசலம் மட்டும் அறுத்த நிலத்தில் குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தான். என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். விரல் உயரத்தில் வேலங்கன்றுகள். சிவப்புக் குச்சி நட்ட பாத்திகளில் மட்டும். பக்கத்துப் பாத்தியில் ஒன்றுகூட இல்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆடு வேலங்காயைத் தின்னும், கொட்டை புழுக்கையோடு வெளியே வரும், எரு போட்ட இடத்தில் முளைக்கும்.

நேராகப் பொன்னியிடம் போய்க் கேட்டோம். அவர் மறைக்கவே இல்லை. குச்சி நட்ட பிறகு, விதைப்புக்கு முன்னாடி, நாங்கள் பஸ் கிடைக்காமல் ஒடுகத்தூரில் மாட்டிக்கொண்ட ரெண்டு நாளில், ஆட்டுப் பட்டியிலிருந்து எருவைக் கூடையில் சுமந்து வந்து அவர் வீட்டு விதைக்கான பாத்திகளில் மட்டும் கொட்டிக் கிளறிவிட்டிருக்கிறார்.

"எங்க வூட்டு வெதைய ஊரான் வெதையோட ஒரே பந்தியில உக்கார வெச்சீங்க. பசியோட எப்டி சாரு உக்காரும்? தப்புங்களா?"

தணிகாசலம் சிரித்துவிட்டான். "தப்பில்லம்மா. நாங்கதான் எழுதிக்கணும்."

திரும்பி நடக்கும்போது நான்தான் பயந்தேன். நிலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியது எங்கள் பொறுப்பு. வேலை நீட்டிப்பு ஆர்டர் ஆபீசர் கையில். அவனுக்கு அப்போதுதான் மகள் பிறந்திருந்தாள். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன்.

"நமக்குத் தெரியுமேப்பா. அப்புறம் அடுத்த வருஷம் இன்னா வெளைஞ்சாலும் அத்த எப்டி நம்பறது?"



ஆபீசரிடம் அவனே போய்ச் சொன்னான். என் பெயரை இழுக்கவில்லை. தான் கவனிக்காமல் விட்டதாகச் சொன்னான். நான் வாசலில் நின்றிருந்தேன்... உள்ளே போகவில்லை. இத்தனை வருஷத்தில் அதை அவனிடம் பேசியதும் இல்லை. இப்போது எழுதுகிறேன்.

ஒரு சீசன் உழைப்பு வீண். அவனுக்கு நீட்டிப்பு வரவில்லை. போளூரில் ஒரு உரக்கடைக்குப் போய்விட்டான்.

ஆனி பிறந்து விதைப்பு நெருங்கியதும் ஆபீசருக்கு அவன் நினைவு வந்தது. ஜீப்பை எடுத்துக்கொண்டு உரக்கடைக்கே போனார். நானும் கூடப் போனேன். தணிகாசலம் உடனே வருகிறேன் என்று சொல்லவில்லை. ஒரு கேள்வி வைத்திருந்தான். ரெண்டு விதையையும் எரு போட்டும் போடாமலும் விதைத்துப் பார்த்தால் என்ன?

ஆபீசர் அதை டைரியில் குறித்துக்கொண்டார். அப்புறம் ஜீப்பில் ஏறச் சொன்னார்.

அந்த வருஷம் எரு போடாத பாத்திகளில் புதுச் சாமை முந்தியது. எரு போட்டதில் பொன்னி வீட்டுச் சாமை. இந்தத் தடவை நான் ஒரு தரம்தான் நிறுத்தேன்.

பொன்னியிடம் சொன்னோம். அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "வயிறு நெறைஞ்சா வேலை செய்யும். அதான் அப்பவே சொன்னனே," என்றார்.

திட்டம் முடிந்து ஆளுக்கொரு பக்கம் போனோம். போன் மட்டும் விடவில்லை.

போன மாதம் பேசினான். வீட்டில் தொட்டியில் ஒரு புளியங்கன்று வைத்திருக்கிறானாம். சாயங்காலம் இலை மூடிக்கொள்கிறது இல்லையா... அலமாரிக்குள் வைத்து, லைட்டை அணைக்காமலே விட்டால் அது ஏமாறுமா என்று பார்க்கிறானாம். மருமகன் கரண்ட் பில்லைச் சொல்லித் திட்டுகிறாராம்.

ஏமாந்ததா என்று கேட்டேன். "இன்னும் நாலு நாள் பாக்கணும்ப்பா. அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது" என்றான்.

நான் திரும்பக் கூப்பிடவில்லை.

அடுத்த பஸ்ஸில் கிளம்புகிறேன். அலமாரியில் லைட் இன்னும் எரிகிறதா, தெரியவில்லை. எங்கேயாவது குறித்து வைத்திருப்பான்...

போய்ட்டு வாப்பா தணிகாசலம்.