பாடகரைப் பார்க்கப் போன நாள்

யுத்தம் முடிந்த வருடம், எங்கள் தோட்டத்திலிருந்து கஹவத்தைக்கு ஓடிய பஸ்ஸில் எந்நேரமும் ஒரே சீடிதான். பாடியவர் முப்பது நாற்பது வருடமாகச் சிங்களத்தில் காதல் பாட்டும் பைலா என்ற ஆட்டப்பாட்டும் பாடிப் பேரெடுத்தவர். வயதான காலத்தில் திடீரென்று நாட்டுப்பற்று வந்து, கொடிக்கொன்று, மண்ணுக்கொன்று, வீரனைப் பெற்ற தாய்க்கொன்று என்று பாடித் தள்ளியிருந்தார். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பாவோ ஜன்னலோரம் உட்கார்ந்து காலால் தாளம் போடுவார்.

அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. தேயிலை பெக்டரியில் மெஷின் இரைச்சலுக்கு மேல் அந்தப் பாடகரின் பழைய பாட்டுகளைப் பாடியே வேலை செய்தவர். சின்ன வயதில் தம்பி அதில் ஒரு பாட்டுக்கு ஆடி, தோட்டத்து விளையாட்டுப் போட்டியில் ஒரு பிளாஸ்டிக் பேசின் வாங்கினான். அம்மா அதில்தான் இன்னமும் அரிசி கழுவுகிறார்.

அந்தத் தம்பியைத்தான் முந்தைய வருடம் கொழும்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். கடையில் வேலை, கடை மாடியிலேயே படுக்கை. சுற்றிவளைப்பில் கூட்டிக்கொண்டு போனவர்கள் யாரென்று முதலாளிக்கே தெரியவில்லை. பொலிஸுக்குப் போனோம், முகாமுக்குப் போனோம். எங்கே போனாலும் முதலில் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். பிறகு, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்பார்கள்.

பாடகர் கொடகவெல மைதானத்துக்கு வருகிறார் என்று போஸ்டர் ஒட்டியிருந்தது. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

"பெரிய எடத்து ஆளுங்களோட எல்லாம் அவருக்குப் பழக்கம். ஒரு வார்த்த சொன்னா புள்ளய விட்டுருவாங்க."

"அந்தப் பாட்டப் பாடுறவருகிட்டயா போயி கேக்கப் போறீங்க?"

"பாட்டு வேற, மனுஷன் வேற. வர்றதுன்னா வா."

போனேன். அவரைத் தனியே அனுப்ப மனம் வரவில்லை.

சிங்களவர்கள் பெரிய மனிதரிடம் காரியமாகப் போனால் வெற்றிலை கொடுத்துக் கும்பிடுவார்கள். அப்பாவும் ஒரு கட்டு வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். பேச வேண்டியதை வழியெல்லாம் சிங்களத்தில் முணுமுணுத்தபடி வந்தார். மைதானத்துக் கூடாரத்தில் நீண்ட வரிசை. சீடி வாங்கியவர்களைத்தான் கிட்டே விட்டார்கள், அதனால் ஒன்று வாங்கினோம்.

கிட்டத்தில் பார்த்தால் பாடகர் நன்றாகக் கிழண்டிருந்தார். தலைச்சாயம் வியர்வையில் கரைந்து காதோரம் இறங்கியிருந்தது. அப்பா குனிந்து வெற்றிலையை நீட்டினார். அவர் அதைத் தொட்டு ஓரமாக வைத்துவிட்டு, அப்பா கையிலிருந்த சீடியை வாங்கி, பேனாவைத் திறந்து, நிமிராமலேயே பெயர் என்னவென்று கேட்டார்.

அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஒரு வருடமாக எல்லா இடத்திலும் கேட்ட கேள்வி அது. பொலிஸில் சொல்வதைப் போலவே நிமிர்ந்து நின்று, தகப்பன் பெயரோடு சேர்த்து, தம்பியின் முழுப்பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பாடகர் எழுதினார்.

"வயசு இருபத்திரண்டு, சேர். கொழும்பில..." என்று அப்பா சிங்களத்தில் தொடங்கும்போதே சீடி திரும்பக் கைக்கு வந்துவிட்டது. "ஜயவேவா!" என்று வெற்றி வாழ்த்துச் சொல்லிப் பாடகர் சிரித்தார். வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் அப்பாவின் தோளைப் பிடித்து நகர்த்தினார்.

திரும்பி வரும் பஸ்ஸிலும் அதே பாட்டு.

"எழுதிக்கிட்டாரு, பாத்தியா?" என்றார் அப்பா.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆத்திரம் விடவில்லை. "நம்ம சீடியிலதாம்பா எழுதினாரு. அது உங்க கையிலதான் இருக்கு."

அவர் சீடியைத் திருப்பிப் பார்த்தார். தம்பியின் பெயர் முழுதாக, பிழையில்லாமல் இருந்தது. அதன் கீழே, 'தாய்நாட்டை நேசி' என்று சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். தோட்டம் வந்து சேரும்வரை அப்பாவின் கால் அசையவில்லை.

அம்மாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார், காட்டினேன். அந்த இடத்தை மட்டும் முந்தானையால் துடைத்து, சீடியைச் சாமிப் படத்தருகே வைத்தார். அதற்குப் பிறகும் பல இடங்களுக்குப் போனோம். முன்போலத் தம்பியின் பெயரைக்கூட யாரும் எழுதிக்கொள்ளவில்லை.