உட்கார்ந்து பார்க்க முடியாத சீட்டு: கம்பத்திலிருந்து தேனி, சின்னமனூர் வழியாக லோயர் கேம்ப் வரை

மாசி மாதத்தின் இரண்டாவது சனியும் ஞாயிறும் நான் கம்பம் பள்ளத்தாக்கில் சுற்றியது ஒரு சைக்கிள் சீட்டுக்காக. அருவி பார்க்கவோ திராட்சைத் தோட்டத்தில் படம் எடுக்கவோ போகவில்லை. சீட்டு என் சித்தி மகள் முருகேஸ்வரிக்கு. ஐம்பத்திரண்டு வயது. கம்பத்தில் வீடு, காமயகவுண்டன்பட்டியில் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டம். கணவர் இறந்த பிறகு தோட்டத்தை அவள்தான் பார்க்கிறாள். டவுன் பஸ் உண்டு, ஆனால் இறங்கி வெகுதூரம் உள்ளே நடக்க வேண்டும். கூலியாட்கள் வருவதற்கு முன் போய்ச் சேர அவளுக்கு சைக்கிள்தான் வழி.

பழைய சைக்கிளின் சட்டம் துருப்பிடித்து உடைந்ததால் தை மாதம் கம்பத்தில் புதிது வாங்கினாள். விலை ஏழாயிரத்து எண்ணூறு. பழையதை எக்சேஞ்ச் என்று கடைக்காரர் எடுத்துக்கொண்டார், அதோடு அதன் அகலமான ஸ்பிரிங் சீட்டும் போயிற்று. புதியதில் ஹேண்டில்பார் உயரமாக இருக்கிறது, நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஓட்ட முடியும். சீட்டோ பந்தய சைக்கிளில் இருப்பதுபோல முன்னால் கூராக, ஒடுங்கி, கல்லாக இருந்தது. இரண்டு கிலோமீட்டர் போனால் கால் மரத்துவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவாள்.

கடைக்காரரிடம் சொன்னபோது, "புதுசுன்னா அப்படித்தேன்த்தா இருக்கும். ஒரு மாசம் ஓட்டுங்க, பழகிரும்" என்றாராம். ஒரு மாதம் கழித்துப் போனால், "இன்னும் பழகலையா? வயசும் ஆகுதுல்ல" என்றிருக்கிறார். முதல் மாதம் குற்றம் பழக்கத்தின் மேல், அடுத்த மாதம் உடம்பின் மேல். சீட்டின் மேல் மட்டும் எப்போதும் இல்லை. செருப்பு கடித்தால் பாதத்தை மாற்றச் சொல்லும் கடைக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இதற்குள் அவளுடைய கொழுந்தனார் தோட்டத்தைக் குத்தகைக்கு விட ஆள் பார்த்துவிட்டார். "மதினியால போக வர முடியல" என்பதுதான் அவர் சொன்ன காரணம். திங்கட்கிழமை கையெழுத்து. வெள்ளிக்கிழமை இரவு முருகேஸ்வரி ஃபோனில் இதைச் சொன்னதும் மறுநாள் விடியற்காலையில் மதுரையில் பஸ் ஏறினேன்.

போவதற்கு முன் எனக்குத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கேட்டிருந்தேன். குனிந்து ஓட்டும்போது உடம்பின் பாரத்தில் ஒரு பங்கைக் கை தாங்கும், நிமிர்ந்து ஓட்டினால் கிட்டத்தட்ட முழுப் பாரமும் உட்காரும் எலும்புகள் இரண்டின் மேல் இறங்கும் என்றார். ஆகவே நிமிர்ந்து ஓட்டுபவருக்கு அகலமான சீட்டு வேண்டும். கம்பம் போய்ச் சேர்ந்ததும் வீட்டில் நெளி அட்டை ஒன்றை மரநாற்காலியில் போட்டு அதன்மேல் முருகேஸ்வரியை உட்கார வைத்து எழுப்பினேன். அட்டையில் இரண்டு குழிகள் விழுந்திருந்தன. நடுவுக்கு நடு பதின்மூன்றரை சென்டிமீட்டர். சைக்கிள் சீட்டின் மொத்த அகலமே பதினான்கு. வளைந்து சரியும் ஓரங்களின் மேல்தான் அவள் ஒரு மாதமாக உட்கார்ந்திருக்கிறாள். இதற்குத்தான் வயசாகிவிட்டது என்று பெயர்.

சீட்டைக் கழற்றி ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்குக் கம்பத்தில் தேனி பஸ் ஏறினோம். நாற்பது கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம், இருவருக்கும் எழுபது ரூபாய். பையிலிருந்து கூர்முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"என்னத்தா, சைக்கிள மேல ஏத்திட்டு சீட்ட மட்டும் மடியில வச்சிருக்கீக?"

"எங்க சீட்ட நாங்களே கொண்டாந்துட்டோம். டிக்கெட்ட பாதியாக் குடுங்க" என்றாள் முருகேஸ்வரி.

தேனியில் முதல் கடை பெரியகுளம் சாலையில். ஏசி போட்ட ஷோரூம். விற்பனையாளர் இளைஞர், மரியாதையானவர். "ஆன்ட்டி, இப்ப ஸ்போர்ட்ஸ் மாடல்தேன் வருது. அகல சீட்டெல்லாம் ஆரும் கேக்குறதில்ல."

"நாங்க கேக்குறோமே தம்பி. பந்தயத்துக்குப் போகல, தெராச்சைத் தோட்டத்துக்குப் போறோம்" என்றேன்.

இருப்பதிலேயே அகலமானதைக் காட்டினார். ஒரு சைக்கிளில் மாட்டியிருந்தது. உட்கார்ந்து பார்க்கலாமா என்றதற்கு, "கவர் பிரிக்கக் கூடாது. ஒக்காந்தா அழுக்காயிரும்" என்றார். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறோம். புடவையைத் தோளில் போட்டுப் பார்க்கிறோம். திராட்சை வாங்குகிறவர் ஒன்றைப் பிய்த்து வாயில் போடாமல் விலை கேட்பதே இல்லை. உட்காருவதற்கென்றே செய்த பொருளில் உட்காரக் கூடாதாம். வேறு எதற்கு அதை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் கவரின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

இரண்டாவது கடையில் முதலாளியே இருந்தார். நான் உட்காரும் எலும்பு என்று சொன்னதும் அவர் பார்வை சுவரில் இருந்த காலண்டருக்குப் போய்விட்டது. "இடுப்பு வலின்னா மெடிக்கல்ல பெல்ட்டு விக்கிறாக" என்றார். இடுப்பு இல்லை, அதற்குக் கீழே என்றேன். காலண்டரைப் பார்த்துக்கொண்டே ஒரு ஜெல் கவரை எடுத்துப் போட்டார். "லேடீஸுக்குன்னே வந்தது. நானூத்தம்பது ரூவா." ரோஸ் நிறம். கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் நேராக அடியில் போய் இடித்தது. அளவுக்கு மீறி மெத்தென்று இருந்தால் எலும்பு உள்ளே அமுங்கும், நடுவில் பிதுங்கி நிற்கும் ஜெல் சதையை நசுக்கும். அதாவது வலியை இடம் மாற்றி வைக்க நானூற்றைம்பது ரூபாய். வலிக்கும் இடத்தின் பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள், அந்த இடத்துக்கு விலை போட மட்டும் கூச்சப்படுவதில்லை. இதை அவரிடமே சொன்னேன். முருகேஸ்வரி என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

"வாக்கா, ஒரு கடைக்கு மேல ஒரு கடையா சண்ட போட்டுக்கிட்டேவா போறது?"

திரும்பும் வழியில் சின்னமனூரில் இறங்கினோம். தேனியிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர். மார்க்கெட் பக்கம் ஒரு பஞ்சர் கடை, அதோடு உதிரிப் பாகங்களும் விற்கிறார்கள். உத்தரத்தில் தூசி படிந்து ஒரு சீட்டு தொங்கியது. அகலம், கீழே கனமான இரண்டு சுருள் ஸ்பிரிங். கடைக்காரர் கழற்றிக் கொடுத்தார். "ஒரு ஆளு சொல்லி வச்சாரு, வாங்க வரல. ரெண்டு வருசமா தொங்குது. முன்னூத்தி எம்பது குடுங்க, எடம் ஒழிஞ்சா சரி." டேப் வைத்து அளந்தேன். இருபத்திரண்டு சென்டிமீட்டர். முருகேஸ்வரி இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி அழுத்தினாள். கீச்சென்று அமுங்கி எழுந்தது. அவள் முகத்தில் அன்று முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. நான் பணத்தை எடுத்தேன். அவள் சீட்டைத் திரும்ப மேசையில் வைத்தாள்.

"அக்கா, இன்னிக்குச் சனிக்கெழமை. இரும்பு வாங்க மாட்டேன்."

"இத காலையிலயே சொல்றதுக்கு என்ன?"

"பாக்கத்தான போறோம்னு இருந்தேன். எங்கனயும் கெடைக்காதுன்னு தெரியும்ல."

பஸ்ஸும் இரும்புதானே, அதற்குக் காசு கொடுத்தோமே என்றேன். "பஸ்ஸ நானா வெலைக்கு வாங்குனேன்?" என்றாள். திங்கட்கிழமை கையெழுத்து, ஞாயிறு இந்தக் கடை கிடையாது. அவளை விட்டுவிட்டு சனீஸ்வரனிடம் கோபப்பட ஆரம்பித்தேன். கடைக்காரருக்கு இது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

"சனீஸ்வரன் கோயில் இருக்குற குச்சனூருக்குப் பக்கத்துல கடை வச்சிருக்கேன்க்கா. சனிக்கெழமை எனக்கு ஒரு போல்ட்டு விக்காது, பஞ்சர் மட்டுந்தேன். நீங்க வாங்க வேணாம். இரவலா எடுத்துட்டுப் போங்க. உங்க பழச இங்கன வச்சிட்டுப் போங்க. திங்கக்கெழமை வந்து காசு குடுத்தா அன்னிக்கு வாங்குனதாச்சு."

"ஒத்து வரலைன்னா?"

"திரும்பக் கொண்டாந்து குடுங்க. ரெண்டு நாளுல என்ன தேஞ்சா போயிரும்?"

முருகேஸ்வரி யோசித்தாள். "இரவல்னா சரி."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஓட்டிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்று கம்பத்திலும் தேனியிலும் யாரும் சொல்லவில்லை. வாங்குகிறவளுக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டியது, கிழமை தப்பிப் போனதால் சலுகையாகக் கிடைத்தது. இவரும் புதன்கிழமை போயிருந்தால் முன்னூற்று எண்பதை வாங்கிப் பெட்டியில் போட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சீட்டை மாட்டி, மேல்பரப்பு சமமாக இருக்கும்படி முடுக்கி, ஆறேகாலுக்குக் கம்பத்திலிருந்து கிளம்பினோம். எனக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் சைக்கிள். தோட்டம் ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் சோதிப்பதானால் சரியாகச் சோதிப்போம் என்று லோயர் கேம்ப் வரை போவதாக முடிவு. பதினான்கு கிலோமீட்டர், மெல்ல ஏறிக்கொண்டே போகும் சாலை. கூடலூர் வரை இரண்டு பக்கமும் வயலும் தென்னையும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் ஒதுங்கி வழிவிடாது. வருகிறவர்கள் ஏழு மணிக்குள் கூடலூரைத் தாண்டிவிடுவது நல்லது.

கூடலூரில் டீ. ஜீப்போடு நின்றிருந்த டிரைவர் ஒருவர் எங்களைப் பார்த்து, "சேச்சி, குமுளிக்கா? சைக்கிள்ல மலை ஏறிருவீகளா?" என்றார்.

"ஏறிருவேன். இந்தச் சீட்ட விட்டு எறங்கத்தேன் மனசு வரல" என்றாள் முருகேஸ்வரி. அப்போதுதான் கவனித்தேன், எட்டரை கிலோமீட்டர் அவள் ஒரு முறைகூட இறங்கவில்லை. நான் இரண்டு முறை இறங்கியிருந்தேன். என் சைக்கிளிலும் அதே ஒடுங்கிய சீட்டு.

லோயர் கேம்ப் சேர்ந்தபோது எட்டு மணி. மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்கள், கீழே மின் நிலையம், கால்வாயில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். நான் இறங்கிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தேன். அவள் சுவரில் ஒரு காலை ஊன்றி சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். கொழுந்தனார் ஃபோன் செய்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மதினி, நாளைக்குக் காலையில குத்தகைக்காரக வாராக. வீட்ல இருங்க."

"நாளைக்கு நான் இல்ல தம்பி. சின்னமனூரு போறேன்."

"பதினெட்டு கிலோமீட்டரு. எதுல போவீக?"

"சைக்கிள்ல. இப்பவே லோயர் கேம்ப்பு வரைக்கும் ஓட்டியாந்துட்டேன். வந்தவகள்ட்டச் சொல்லிருங்க, தோட்டம் குத்தகைக்கு இல்ல. செவ்வாக்கெழமை கொடி வெட்டிக் கவாத்து பண்ண ஆளு வரச் சொல்லிட்டேன்."

கொழுந்தனார் குத்தகைப் பேச்சை அதோடு விட்டார். பிறகு, "லோயர் கேம்ப்புல தண்ணி நெறையா போகுதா?" என்று கேட்டார். போகிறது என்றாள்.

சீட்டு தேடிக் கிளம்பும் வாசகர்களுக்கு: அட்டையில் உட்கார்ந்து குழிகளை அளந்துகொள்ளுங்கள். நிமிர்ந்து ஓட்டுபவரானால் அந்த அளவைவிட ஐந்தாறு சென்டிமீட்டராவது அகலம் கூட வேண்டும். பழைய சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள், புதியதன் அடியிலுள்ள பிடியான கிளாம்ப் உங்கள் சைக்கிளின் சீட்டுக் கம்பிக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். ஜெல் கவர் வேண்டாம். மாட்டும்போது சீட்டின் மூக்கு மேலே தூக்கி நிற்கக் கூடாது. எங்கே வலிக்கிறது என்பதைச் சத்தமாகச் சொல்லுங்கள், கடைக்காரர் எங்கே வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும். ஓட்டிப் பார்க்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். தரமாட்டேன் என்றால் கடையை மாற்றுங்கள்.

ஃபோன் வழியாகவே பணம் அனுப்பிவிடலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். முருகேஸ்வரி கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை குத்தகைக்காரர்கள் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. அந்த நேரம் அவள் உத்தமபாளையத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள், தன் சீட்டை விலைக்கு வாங்க.