பிரிக்காத பொட்டலம்

எழுபதுகளில் தூத்துக்குடியில் கல்லூரியில் படித்தேன். பாடமாயிருந்த நாடகத்துக்கு நூலகத்தில் ஒரே பிரதிதான். அதை நானே எடுத்து வைத்துக்கொண்டேன். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரின் மகள் லூர்து, ஒரு நாள் இரவல் கேட்டாள். மறுநாளே செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டித் திருப்பித் தந்தாள். நான் பிரிக்கவேயில்லை. அந்த நாடகம்தான் படமாகவே வந்து, நானும் பார்த்துவிட்டேனே!

இரண்டு வாரம் கழித்து அந்த நாடகத்தைப் பற்றி வகுப்பில் பேசினேன். "கடைசியில் மகள் அப்பாவை மன்னித்துவிடுகிறாள்" என்று முடித்தேன்.

"இல்ல ஏளா, அவ கதவையே தொறக்கமாட்டா" என்றாள் லூர்து.

"நான் படமே பாத்துட்டேன். நீ கொட்டகைப் பக்கம் போயிருக்கியா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தை வாசி" என்றார் டீச்சர்.

பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். எல்லோரும் பார்க்க முடிச்சை அவிழ்த்தேன்.

"இன்னும் பிரிக்கவே இல்லையா?" என்றார் டீச்சர்.

நான் வாயைத் திறக்குமுன் லூர்து எழுந்தாள். "நாந்தான் வச்சிருந்தேன் டீச்சர். இன்னைக்குக் காலைலதான் குடுத்தேன்."

டீச்சர் அவளைத் திட்டினார். திட்டி முடிக்கும்வரை கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சொன்னபடியே கதவு மூடித்தான் இருந்தது.

உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். அன்றும் சொல்லவில்லை, பிறகு அவளிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. இன்றும் கடையில் நூல் கட்டிய பொட்டலம் தந்தால், பிரிக்கும்போது என் முகம் சுடுகிறது.