அக்கா தேடிய கலியாணம்

அக்காவுக்கு ஓராண்டுத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் இந்நாளில், நினைவு மலருக்கு அவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி உறவினர்கள் கேட்டார்கள். கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் மகளைக் கேட்டிருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பாள். ஆனால் உடன்பிறந்தவள் நான். நானே எழுதுகிறேன்.

அக்கா திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் வீதியோரத்து வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். அவர் இளவயதிலேயே காலமானதும் அக்கா மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் லிகிதராகச் சேர்ந்து, அம்மாவையும் என்னையும் தாங்கினார். தமக்கு வந்த சம்பந்தங்களையெல்லாம் தட்டிக் கழித்தார். எனக்கு ஒன்று வந்தபோது மட்டும் ஒற்றைக் காலில் நின்று முடித்துவைத்தார். சண்டைக் காலத்தில் ஓடித் திரிந்து நாங்கள் வீடு திரும்பியபோது அலுமாரி உடைந்து கிடந்தது. பழைய படங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மா அதற்காக அழுத அழுகையை அக்கா மறக்கவே இல்லை.

ஓய்வு பெற்றபின் அவர் பிடித்துக்கொண்ட வேலை, பாட்டனைப் பெற்ற பூட்டன் பூட்டியின் கலியாணப் பதிவைத் தேடுவது. பழைய கோயில் பதிவேடுகளை யாரோ படம் பிடித்துக் கணினியில் ஏற்றியிருந்தார்கள். ஆனால் பெயர் அட்டவணை கிடையாது. பெயரை அடித்துப் பார்த்தால் ஒன்றும் வராது; பக்கம் பக்கமாகத்தான் புரட்ட வேண்டும். அதுவும் கோழி கிண்டிய எழுத்து. நம் பெயர்களை வெள்ளைக்காரச் சுவாமிமார் தங்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருந்தார்கள். கலியாணம் கட்டாதவர் ஊரார் கலியாணமெல்லாம் பார்க்கிறார் என்று சிலர் கேலி செய்தார்கள். அக்கா சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார்.

அவருக்குத் துணை, அந்தச் சித்தப்பாவின் மகள். பின்னேரமானால் கனடாவிலிருந்து தொலைபேசியில் அழைப்பாள். இருவரும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டுவார்கள். ஒரே வளவுக்குள் அக்காவுக்கொன்று எனக்கொன்றாக இரண்டு வீடு எங்களுடையது. சோறு கறி சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது நான், சிரிப்பெல்லாம் கனடாவுக்கு. அந்தச் சிரிப்பு நான் சமைக்கும் குசினி வரை கேட்கும். எனக்கு வயிறு எரியும். இதையெல்லாம் மலரில் எழுதலாமா என்று என் கணவர் கேட்கிறார். எழுதினால் என்ன? அக்காவுக்குத் தெரியாததா?

நகரத்துக் கோயிலின் பதிவேடுகள் முழுவதும் பார்த்தும் பூட்டனைக் காணவில்லை. ஒருநாள் அயல்வீட்டுப் பையனின் கலியாணத்துக்காக மாப்பிள்ளை வீட்டாரோடு பஸ் ஏறி மூதூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். கிண்ணியாப் பாலம் தாண்டும்போது அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன மடைச் சனம் நாங்கள்! கலியாணம் பொம்பிளையின்ர கோயிலிலதானே நடக்கும். நாங்கள் இவ்வளவு நாளும் மாப்பிளையின்ர கோயிலில எல்லோ தேடினனாங்கள்!"

"நாங்கள் டவுன் ஆக்கள்" என்று பெருமையடித்தே பழகிய குடும்பம் எங்களுடையது. பூட்டி வேறு ஊர்க்காரியாக இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல யோசனைதான். ஆனால் அதை அக்கா சொன்னது பக்கத்துச் சீற்றில் இருந்த எனக்கல்ல. கைத்தொலைபேசியில், அங்கே படுக்கப் போய்க்கொண்டிருந்தவளுக்கு.

சில மாதங்களில் மூதூர்ப் பக்கத்துப் பதிவேடொன்றில் பூட்டி அகப்பட்டார். அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச ஓடி வா. பூட்டியின்ர பேரைப் பார்."

"கனடாவுக்குச் சொல்லியாச்சோ?"

"ஓம், அவள்தானே முதல் கண்டவள்."

கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அதன்பின் அக்கா நோயில் விழுந்தார். குளிப்பாட்டியது நான், கஞ்சி ஊட்டியது நான். இனி அக்கா முழுவதும் எனக்கே என்று, அந்த வேதனைக்குள்ளும் ஒரு சந்தோசம் எனக்கு இருந்தது. அதுவும் நிலைக்கவில்லை. பேச்சு நின்றபின்னும் பின்னேரமானால் அவருடைய கண் தொலைபேசியைத் தேடும். நான்தான் அதை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பேன். கடைசியில் என் கையைப் பிடித்தபடியே இறைவனடி சேர்ந்தார்.

அக்காவைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், அடக்கத் திருப்பலி ஒப்புக்கொடுத்த பங்குச் சுவாமிக்கும், பெட்டி தூக்கிய அயலவருக்கும், எங்கள் வீட்டில் உலை வைக்க விடாமல் சாப்பாடு தந்தவர்களுக்கும் நாங்கள் பட்ட கடன் தீராது. இந்த மலரின் பின்பக்கத்தில் வம்சாவளியை வரைந்து தந்த சித்தப்பாவின் மகளுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். அதை அனுப்பிய அன்று அவள் அழைத்தாள்.

"சின்னக்கா, பின்னுக்கு ஆரும் கலியாணப் பதிவேட்டில எங்களைத் தேடினால் பெரியக்கா மட்டும் கிடைக்க மாட்டா. அவ கலியாணம் கட்டேல்லையே. எந்தப் பக்கத்தில இருப்பா?"

"என்ர பக்கத்தில இருக்கிறா," என்றேன். "என்ர கலியாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைச்சது அவதான்."

"உங்களை நினைக்க எனக்கு எரிச்சலா இருக்குச் சின்னக்கா," என்றாள்.

"இருக்கட்டும்," என்றேன்.