3,94,67,837: என் பாதி, அவர் பாதி

1. எட்டு இலக்கம்

நீடாமங்கலத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்தேன். பகா எண் பாடம் நடத்தியபோது எட்டுப் பிள்ளைகளை எழுப்பி ஆளுக்கு ஓர் இலக்கம் சொல்லச் சொன்னேன். 3,94,67,837 வந்தது. "இது பகா எண்ணா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். தெரியாது என்று சொல்ல வெட்கம். அதுதான் வினை.

இதன் வர்க்கமூலம் 6282-ஐக் கொஞ்சம் தாண்டும். அதுவரை உள்ள எண்ணூற்றுச் சொச்சம் பகா எண்களாலும் வகுத்து, ஒவ்வொரு முறையும் மீதி வந்தால் இது பகா எண். கால்குலேட்டரைத் தொடக் கூடாது என்று எனக்கு வீம்பு. தற்காலிக ஆசிரியரான சேகர் சாருக்கும் அதே வீம்பு. மூவாயிரம் வரை நான், அதற்கு மேல் அவர் என்று பங்கு பிரித்தோம்.

அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. அவர் நிலம் தரிசாகக் கிடந்தது. மஸ்கட்டில் வாத்தியார் வேலை என்று சொல்லிப் போய்விட்டார்.

2. கடிதம்

என் பாதி முடிந்ததும் எழுதிக் கேட்டேன். "என் பாதியும் முடிந்தது. எதிலும் மீதியின்றி வகுபடவில்லை" என்று பதில் போட்டார்.

இந்த எண்ணை நான்கால் வகுத்தால் மீதி ஒன்று. அப்படிப்பட்ட பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிந்தே தீர வேண்டும். 13 என்பது 4-உம் 9-உம் போல. வர்க்க அட்டவணையை வைத்துக்கொண்டு தேடினேன். கிடைக்கவில்லை. என் கூட்டலில்தான் கோளாறு என்று விட்டுவிட்டேன்.

3. தஞ்சாவூர்

மாவட்டக் கணித ஆசிரியர் கூட்டத்தில் பகா எண் என்றே அறிவித்தேன். இருபது வருஷம் தப்பே போடாத டீச்சர் என்ற பெயர் எனக்கு. கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து வந்திருந்த பெண் எண்ணைத் தட்டினாள்.

"மேடம், 5623-ல வகுபடுதுங்க. ஈவு 7019."

"போர்டுல பெருக்கிக் காட்டுங்களேன் டீச்சர்" என்றார் யாரோ. நானே பெருக்கினேன். கடைசி இலக்கம்வரை சரியாக வந்தது. பின்வரிசையில் சிரித்தார்கள்.

சேகர் சார் லீவில் வந்தபோது நேராகவே கேட்டேன்.

"ஒண்ணுகூட போடலீங்க டீச்சர். அங்க நான் வாத்தியார் இல்ல, குடோன்ல மூட்டை எண்ணுறேன். போடலைன்னு எழுதினா, ஏன்னு கேப்பீங்க. உங்ககிட்டயாவது வாத்தியாரா இருக்கணும்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை.

இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். பகு எண் என்று காட்ட ஒரு பெருக்கல் போதும், யாரும் சரிபார்க்கலாம். பகா எண் என்று சொல்ல அத்தனை வகுத்தலும் நடந்திருக்க வேண்டும். அடுத்தவர் பங்கையும் திரும்பப் போடுங்கள். அது மரியாதைக் குறைவு என்று நான் நினைத்தேன்.

5623, 7019 இரண்டுமே பகா எண்கள்; நான்கால் வகுத்தால் மீதி மூன்று வருபவை. அதனால் இந்த எண்ணில் இரண்டு வர்க்கங்கள் கிடைக்கவே கிடைக்காது. என் கூட்டலில் பிழையே இல்லை. மஸ்கட் கடிதத்தை நம்பி, என் கையால் போட்ட கணக்கைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.