கிரேக்கனின் முழங்கால்

ரொம்ப நாள் 'அவர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வாயில் 'அவன்'தான் வருகிறது. மாற்றிக்கொள்கிற உத்தேசமும் இல்லை.

துபாய் பக்கம் ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியில், மண் அரைக்கிற இடத்தில் எனக்கு வேலை. தும்மினால் மூக்கிலிருந்து சேறுதான் வரும். எனக்கு விசா கொடுத்த கஃபீலுக்கு ஒரு ஃபுட்பால் கிளப்பிலும் செல்வாக்கு உண்டு. நான் ஊரில் கபடி ஆடியவன், சுளுக்கு எடுக்கத் தெரிந்தவன் என்று நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பில் யாரோ சொல்லிவிட, ஆட்டக்காரர்களுக்குக் கால் பிடித்துவிட என்னை அங்கே அனுப்பினார்கள். ஏசி ரூம், வெள்ளை டி-ஷர்ட், தூசி கிடையாது. இந்த வேலை நிலைத்தால் போதும் சாமி, வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்று குலதெய்வத்திடம் வேண்டிக்கொண்டேன்.

அவன் அந்த சீசனுக்கு வந்த ஸ்ட்ரைக்கர். கிரேக்கன். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவரின் மகன். சரளைக்கல் மைதானத்தில் ஆட ஆரம்பித்து, ஏதென்ஸில் பெரிய கிளப் வரைக்கும் போய், தலையால் முட்டிப் போடுகிற கோலுக்குப் பேர் வாங்கியவன். முப்பது தாண்டியதும் அங்கே சீந்துவாரில்லை. அதனால் எங்கள் வெயிலுக்கு வந்து சேர்ந்தான்.

அவனுக்கு இங்கிலீஷ் அரைகுறை, எனக்கு அதில் பாதி. அவர்கள் பாஷையில் 'நே' என்றால் ஆமாம். மெஸ்ஸில் இன்னும் வேண்டுமா என்று கேட்டால் 'நே' என்பான். பரிமாறுகிற பாகிஸ்தானி அதை 'நஹி' என்று எடுத்துக்கொண்டு தட்டோடு போய்விடுவான். வந்த புதிதில் பாதி நாள் அரைப்பட்டினி. ஆனால் இல்லை என்பதற்கு அவன் செய்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகவாயைக் கொஞ்சம் மேலே தூக்கி, 'ப்ச்' என்று நாக்கைத் தட்டுவான். சாப்பிட்டாச்சா என்று கேட்டால் நம் ஆட்கள் சொல்வார்களே, அதே 'ப்ச்'. மற்றவர்கள் அவன் சலித்துக்கொள்கிறான் என்று நினைத்தார்கள். எனக்கு மட்டும் புரிந்தது. "நீ, நான், ஒரே ஊர், பாய்," என்று தோளைத் தட்டினான். நானும் நம்பித் தொலைத்தேன்.

முதல் நாள் கை வைத்தபோதே அவன் வலது முழங்காலுக்குள் ஏதோ நெறுநெறுத்தது. வலிக்கிறதா என்றேன். 'நே' என்றான். அவன் நாடு ஐரோப்பாக் கோப்பையை ஜெயித்தபோது வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தானாம். முழங்கால் வலியைக் கோச்சிடம் உள்ளபடி சொன்னதற்குக் கிடைத்த பரிசு. "உண்மை சொன்னா டீம் மாஃபி, டீம்ல இடமில்லை, பாய். இங்கே யாருக்கும் தெரியக் கூடாது. இதுதான் எனக்குக் கடைசி கிளப்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மேனேஜர் எப்போது கேட்டாலும் கால் நன்றாக இருக்கிறது என்றே சொன்னேன். ஒவ்வொரு மேட்ச்சுக்கு முன்னாலும் கதவைச் சாத்திவிட்டு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவேன். அவன் கோல் போட்டால் நான் போட்ட மாதிரி இருக்கும்.

சீசன் முடிகிற சமயத்தில் ஒரு மேட்ச்சில், யாரும் தொடாமலே விழுந்தான். மறுநாள் மேனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "கால் முன்னாடியே கெட்டிருந்ததா? மறைச்சிருந்தா காண்ட்ராக்ட் கலாஸ், அதோட முடிஞ்சுது," என்றார். அவன் என் பக்கம் திரும்பவில்லை. முகவாயைத் தூக்கி 'ப்ச்' என்றான். மேனேஜருக்கு விளங்கவில்லை. என்ன சொல்கிறான் என்று என்னைக் கேட்டார்.

"இல்லைன்னு சொல்றார் சார்," என்றேன். அப்போதும் அவனைக் காப்பாற்றத்தான் பார்த்தேன்.

அவன் என்னை நோக்கிக் கையை நீட்டினான். "இவன் எண்ணெய் போட்டுத் திருகினான். அதுக்கப்புறம்தான் வலி." இத்தனை நாள் திக்கித் திணறிய இங்கிலீஷ், அதற்கு மட்டும் தங்குதடையில்லாமல் வந்தது.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் மேனேஜர் வாசலைக் காட்டிவிட்டார். கிளப் ஆள் செய்த தப்பு என்பதால் அவனுடைய காண்ட்ராக்ட் தப்பியது. நான் பழையபடி மண் அரைக்கப் போனேன். அந்தத் தூசியைவிட அவன் நீட்டிய கைதான் நெஞ்சை அடைத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கேம்ப்புக்குக் கார் வந்தது. அவன்தான். ரூமில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். வெட்கம்கெட்ட மனசு, பார்த்ததுமே பாதிக் கோபம் இறங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நின்றேன்.

என் கட்டிலில் உட்கார்ந்தான். பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக் காலை நீட்டினான்.

"புது ஆள் கை சரியில்லை, பாய். யல்லா, ஆரம்பி."

"உன்னையத்தானேடா நம்புனேன், பாவி," என்று தமிழிலேயே கேட்டேன்.

எங்கே வலிக்கிறது என்று நான் கேட்பதாக நினைத்துக்கொண்டான். முழங்காலில் விரலை வைத்துக் காட்டினான்.